ஒரே பீஸ்தான், அண்ணா

மின்கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் சின்ன உலோகப் பெட்டியைத்தான் பெடல் என்கிறார்கள். அதிலுள்ள சுவிட்சைக் காலால் மிதித்தால் கிதாரின் ஒலி கரகரக்கும், எதிரொலிக்கும், அல்லது நீண்டு மெலியும். எளிய பெடல்களுக்குள் இருப்பது இருபது முப்பது உதிரிப்பாகங்கள்தான். பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று ஊரே சொல்லும் சதர் பத்ரப்பா ரோட்டில் ஒரு பிற்பகல் கடை கடையாக ஏறி இறங்கினால் ஐ.சி., டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், வால்யூம் கன்ட்ரோல், ஜாக் எல்லாம் பையில் வந்து சேரும். சால்டரிங் பழகியவர் சனி ஞாயிறுக்குள் சத்தத்தை வரவழைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சிக்கல். கையில் வெறும் அலுமினியப் பெட்டி, மூன்று குமிழ், ஒரு சுவிட்ச். எது எதற்கு என்பது செய்தவருக்கு மட்டும் தெரியும். இரண்டு மாதம் போனால் அவருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

முகப்பு எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது. குமிழ் எத்தனை, எங்கே, என்ன பெயர் என்பதெல்லாம் அவரவர் சுற்றைப் பொறுத்தவை. அதைச் செய்துதான் வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் இது முகப்புத் தகடுகளின் ஊர். 1948இல் தொலைபேசி ஆலையான ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. தொலைபேசி, கடைசல் இயந்திரம், ராணுவ ரேடியோ என்று எதைச் செய்தாலும் அதன் முன்பக்கத்தில் எழுத்து பொறித்த ஒரு தகடு வேண்டும். (பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962இலேயே ஜெர்மானியம் செமிகண்டக்டர் செய்யத் தொடங்கிவிட்டது. 1966இல் லண்டனில் வெளிவந்த புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் பெடலின் கரகரப்பும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் பிறந்ததுதான். இரண்டும் சந்தித்திருந்தால் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம்.) தகடு வெட்ட, துளைக்க, சாயமேற்ற, எழுத்து பொறிக்கச் சிறு பட்டறைகளும் வளர்ந்தன. இன்றும் பீன்யா தொழிற்பேட்டையில் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு.

ஆனால் பீன்யா நூறு, ஐந்நூறு என்ற எண்ணிக்கையில் பிழைக்கும் இடம். “அண்ணா, ஒரே பீஸ்தான்” என்று போய் நின்றால் முகம் பார்த்தே பதில் புரிந்துவிடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இயந்திரத்தைத் தயார்செய்யும் அரை மணி நேரத்துக்கு யார் காசு தருவது? அதனால் ஒற்றைப் பெடல் செய்பவர் தேட வேண்டியது ஒற்றைப் பொருளை நம்பியே வாழும் தொழில்களை. வண்டி நம்பர் பிளேட், பைக் ஸ்டிக்கர், கோப்பையில் பெயர் பொறிப்பது, செல்போன் கவரில் குழந்தை படம் அடிப்பது. இவர்களிடம் வரும் எந்த இரண்டு வேலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பீஸ் என்றால் இவர்கள் திடுக்கிடுவதும் இல்லை.

கடைக்குப் போகுமுன் வரைபடம் வேண்டும்.

பலர் சுற்றை முடித்துவிட்டுப் பெட்டி தேடுகிறார்கள், பெட்டி கிடைத்ததும் ஓட்டை போடுகிறார்கள், எழுத்தைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். முகப்பை முதலில் வரைந்துவிட்டால், பெட்டியின் அளவும் உள்ளே எது எங்கே உட்காரும் என்பதும் தாளிலேயே முடிவாகிவிடும். பெடல் செய்பவர்கள் 1590பி என்று சொல்லும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கனடாவின் ஹேமண்ட் நிறுவனம் வைத்த எண். இப்போது அதே அளவில் யார் வார்த்தாலும் அதே பெயர்தான். வெளி அளவு சுமார் 112 × 60 × 31 மி.மீ. சாதாரண கிதார் ஜாக் பெட்டிக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று நேர் எதிரே வைத்தால், அந்த 60 மி.மீ. அகலத்தில் நடுவே எதற்கும் இடமில்லை. ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே தள்ளி வைக்க வேண்டும். அப்படித் தள்ளினால் குமிழ் நகரும், குமிழ் நகர்ந்தால் எழுத்தும் நகரும். இதைத் தாளில் கண்டுகொண்டால் ரப்பரால் அழித்துவிடலாம். முதல் பெடல் செய்பவர் கொஞ்சம் பெரிய 125பி வாங்குவது நல்லது. 122 × 66 × 39 மி.மீ. அளவில் கைக்கும் வயருக்கும் மூச்சுவிட இடம் இருக்கும்.

இன்னொன்றை வரையும்போதே நினைவில் வைக்க வேண்டும். இந்த முகப்பை யாரும் மேசையில் வைத்துப் படிக்கப் போவதில்லை. வாசிப்பவர் நின்றுகொண்டிருப்பார், அவர் கண்ணுக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி, மேடையில் பாதி இருட்டு. பார்க்கும் தூரத்தில் இருநூறில் ஒரு பங்கு உயரமாவது எழுத்துக்கு வேண்டும் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. ஒன்றரை மீட்டருக்கு ஏழெட்டு மி.மீ. ஆகிறது. மூன்று குமிழுக்கும் அந்த அளவில் பெயர் எழுதினால் முகப்பு பஸ் போர்டாகிவிடும். ஆகவே நின்று பார்க்கும்போது நிறமும் இடமும் பேச வேண்டும், குனிந்து திருகும்போது எழுத்து பேசினால் போதும். பாஸ் நிறுவனம் 1977இல் தன் முதல் மூன்று சிறு பெடல்களை மஞ்சள், பச்சை, சிவப்பு என்று தனித்தனி நிறத்தில் விட்டது. அடுத்த ஆண்டு வந்த டிஸ்டார்ஷன் பெடல் ஆரஞ்சு. இன்றுவரை கிதார் வாசிப்பவர்கள் அந்தப் பெடல்களை நிறத்தாலேயே அடையாளம் சொல்கிறார்கள். உங்கள் பெடல் பலகையில் ஏற்கெனவே இருப்பவை என்ன நிறம் என்று பார்த்து, இல்லாத நிறத்தை எடுங்கள்.

குமிழைச் சுற்றி 0 முதல் 10 வரை கோடு போடுவது பார்க்க அழகு. இதில் கணக்கு எளிது. சாதாரண வால்யூம் கன்ட்ரோல் 300 டிகிரி திரும்பும். பதினொரு கோடு, ஒவ்வொன்றுக்கும் 30 டிகிரி இடைவெளி. கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி 5 மணி இடத்தில் முடியும். குமிழின் விட்டத்தை அளந்துவிட்டுக் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் குமிழே கோட்டை மூடிவிடும். ஃபுட்சுவிட்சுக்கும் அருகிலுள்ள குமிழுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டராவது விடுங்கள். ஷூ அணிந்த கால் அதற்குக் குறைந்த எதையும் மதிக்காது.

வரைய இங்க்ஸ்கேப் போதும், இலவசம். அச்செடுக்கும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். தாளுக்குப் பொருந்தும்படி என்று விட்டால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். தாளின் ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்று போட்டுவைத்து, அச்சானதும் ஸ்கேலால் அளந்தால் உண்மை தெரியும். அந்தத் தாளைப் பெட்டியின் மேல் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. பிறகு 3 மி.மீ. பிட், அதன்பின் ஸ்டெப் டிரில். வால்யூம் கன்ட்ரோலுக்கு 7 மி.மீ., மினி டாகிள் சுவிட்சுக்கு ஆறரை, கிதார் ஜாக்குக்கு 10, ஃபுட்சுவிட்சுக்கு 12. பவர் சாக்கெட்டும் எல்.இ.டி. ஹோல்டரும் வாங்கும் வகைக்கு வகை மாறும். வாங்கி, அளந்து, பிறகு துளையுங்கள். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்கக் கூடாது. ஸ்டெப் டிரில் அலுமினியத்தைக் கடைசி நொடியில் கவ்வினால் பெட்டியோடு மணிக்கட்டும் சுற்றும். வைஸில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு துளி மண்ணெண்ணெயோ மெஷின் ஆயிலோ விட்டால் வெட்டு சுத்தமாக வரும்.

இனி கடைகள்.

ஆகக் குறைந்த செலவு பைக் ஸ்டிக்கர் கடை. கார் உதிரிபாகங்களுக்குப் பெயர்போன ஜே.சி. ரோடு பக்கம் தொடங்கி ஊர் முழுக்க உண்டு. வினைல் தாளில் அச்சிட்டு, மேலே லேமினேஷன் போட்டுத் தருவார்கள். பெட்டி முகத்தைவிட எல்லாப் பக்கமும் 1 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். விளிம்புவரை வந்த ஸ்டிக்கரை ஷூ முதல் வாரத்திலேயே உரித்துவிடும். மறந்தும் வினைலை லேசரில் வெட்டித் தரச் சொல்ல வேண்டாம். அது பி.வி.சி., எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, அவருடைய இயந்திரத்துக்கும் கேடு.

டெகால் என்ற நீரில் நனைத்து ஒட்டும் தாளும் இருக்கிறது. வீட்டு பிரிண்டரிலேயே அச்சிடலாம். ஆனால் வீட்டு பிரிண்டருக்கு வெள்ளை நிறம் அடிக்கத் தெரியாது, ஆகவே கறுப்புப் பெட்டிக்கு உதவாது. மேலே கிளியர் லேக்கர் தெளிக்க வேண்டும். பெங்களூர் மழைக்காலத்தில் ஈரக் காற்றில் தெளித்த லேக்கர் பால்போல் வெளுத்துவிடும். வெயில் நாளுக்குக் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

எனக்குப் பிடித்தது செல்போன் கவர் அச்சிடும் யு.வி. பிரிண்டர். தட்டையான மேசை மேல் பொருளை வைத்தால், அச்சுத்தலை சில மி.மீ. உயரத்தில் ஓடி மையைத் தெளிக்கும். பின்னாலேயே வரும் புற ஊதா விளக்கு அந்த நொடியே மையை இறுக வைத்துவிடும். வெள்ளை மையும் இருப்பதால் கறுப்புப் பெட்டியிலும் படம் பளிச்சென்று வரும். அதற்கு வெள்ளை எங்கே விழ வேண்டும் என்பதைத் தனி லேயராகக் கொடுக்க வேண்டும். எப்படி வேண்டும் என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு முறை. பெட்டியைத் துளைத்து, பெயின்ட் அடித்து, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் கொண்டுபோக வேண்டும். வழவழப்பான வெறும் அலுமினியத்தில் பிரைமர் இல்லாமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே வரும். துளை விளிம்பில் பிசிறு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அச்சுத்தலை மிக நெருக்கத்தில் ஓடுவதால் அரை மி.மீ. பிசிறும் அதில் உரசும். அந்தத் தலையின் விலை உங்கள் பெடல் பலகை முழுவதையும் விட அதிகம்.

அடுத்தது லேசர். இதில் இரண்டு வகை இருப்பது தெரியாமல் பலர் அலைகிறார்கள். மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டும் கடைகளில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் கதிர் வெறும் அலுமினியத்தில் பட்டுத் திரும்பிவிடும், ஒரு கோடும் விழாது. ஆனால் பெயின்ட் அடித்த பெட்டியில் பெயின்டை மட்டும் எரித்து நீக்கும். அடியிலிருக்கும் வெள்ளி நிறமே எழுத்தாகிவிடும். கோப்பை, பேனா, சாவிக்கொத்தில் பெயர் பொறிக்கும் கடைகளில் இருப்பது ஃபைபர் லேசர். அது உலோகத்திலேயே எழுதும். எழுத்து அச்சு மைபோல் மேலே உட்காராமல் பொருளின் பகுதியாகவே இருப்பதால் காலணிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நிறம் ஒன்றுதான் கிடைக்கும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

கறுப்பு ஆனோடைஸ் தகட்டில் ஃபைபர் லேசர் இழுக்கும் வெள்ளைக் கோட்டுக்கு நிகரான தெளிவு வேறு எதிலும் இல்லை. இங்கே ஒரு கேள்வி வரும்: பெட்டியையே ஆனோடைஸ் செய்துவிட்டால் என்ன? செய்யலாம், நன்றாக வராது. ஆனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் நுண்துளைகள் கொண்ட ஆக்சைடாக மாற்றி, அந்தத் துளைகளில் சாயத்தை இறக்கி, பிறகு வெந்நீரில் மூடுவது. அச்சில் ஊற்றி வார்த்த பெட்டியின் உலோகத்தில் சிலிக்கான் அதிகம். சிலிக்கான் ஆக்சைடுப் படலத்துக்கு ஒத்துழைக்காது, சாம்பல் திட்டுகள்தான் மிஞ்சும். அதனால் பெட்டியை அப்படியே விட்டு, ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகட்டை முகப்பாக வெட்டி மேலே வைப்பார்கள். ஒட்டக்கூட வேண்டாம், வால்யூம் கன்ட்ரோல் நட்டும் சுவிட்ச் நட்டுமே பிடித்துக்கொள்ளும். பெட்டியின் சுவர் ஏற்கெனவே 2 மி.மீ. என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதன்மேல் 3 மி.மீ. அக்ரிலிக் வைத்தால் நட்டுக்குப் பிடிக்க மரை மிஞ்சாது.

கணினியில் பி.சி.பி. வரையத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: முகப்பையே ஒரு சர்க்யூட் போர்டாக ஆர்டர் செய்வது. மாடுலர் சின்தசைசர் செய்பவர்கள் இதை நெடுநாளாகச் செய்கிறார்கள். பாகம் எதுவும் இல்லாத, துளைகளும் எழுத்தும் மட்டும் கொண்ட 1.6 மி.மீ. போர்டு. பச்சை, கறுப்பு, நீலம் என்று சால்டர் மாஸ்க் ஒரு நிறம். அதன் கீழே செம்பு இருக்கும் இடமும் இல்லாத இடமும் வேறு வேறு அழுத்தத்தில் தெரியும். மாஸ்க்கைத் திறந்துவிட்டால் தங்க முலாமோ ஈயப்பூச்சோ மின்னும். மேலே வெள்ளை எழுத்து. இரண்டு பக்கமும் செம்பையும் மாஸ்க்கையும் எடுத்துவிட்ட இடத்தில் வெறும் கண்ணாடி இழைப் பலகை. அதன் பின்னால் எல்.இ.டி. வைத்தால் வெளிச்சம் கசிந்து ஒளிரும். அச்சகத்தில் இதே விளைவைக் கேட்டால் நான்கைந்து நிறத்துக்குக் கட்டணம் கேட்பார்கள், இங்கே எல்லாம் போர்டு விலையிலேயே அடங்கிவிடுகிறது. பெங்களூரிலேயே லயன் சர்க்யூட்ஸ் போன்றவர்கள் சிறு எண்ணிக்கையில் போர்டு செய்து தருகிறார்கள். சில தொழிற்சாலைகள் ஆர்டர் எண்ணைப் போர்டில் அச்சிடும், அதைப் பின்பக்கம் போடச் சொல்லி எழுதிவிடுங்கள்.

எந்தக் கடையானாலும் தமிழில் எழுத்து வைக்க விரும்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் ‘தொனி’ என்று எழுதிய கோப்பைத் தன் பழைய கோரல்டிராவில் திறந்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறிக் கிடக்கும். அந்த எழுத்துரு அவரிடம் இருக்காது, இருந்தாலும் எழுத்தைக் கோக்கத் தெரிந்த பதிப்பாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரியாமலே அப்படியே அச்சாகிவிடும், அவர் படிப்பது கன்னடமோ இந்தியோ. தப்பிக்க ஒரே வழி, கோப்பைக் கொடுக்குமுன் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுவது. இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆயிற்று. கோரல்டிராவில் கன்ட்ரோல், கியூ. அதன்பிறகு அது எழுத்தல்ல, படம். யார் திறந்தாலும் மாறாது. தமிழுக்கு 4 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். ண, ஞ, ஐகாரக் கொம்பு இவற்றின் சுழிகள் அதற்குக் கீழே மையில் அடைபட்டுவிடும்.

முகப்பில் எழுத மறந்துபோகும் செய்தி ஒன்று உண்டு, அதுதான் பெடலைக் காப்பாற்றும் செய்தி. பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டரில் நடு முனை நெகட்டிவ். எஸ்.பி. ரோட்டிலும் வீட்டு இன்டர்நெட் பெட்டியோடும் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். சாக்கெட் அருகே ‘9 வோ., நடு நெகட்டிவ்’ என்று, முடிந்தால் முனைகளைக் காட்டும் வட்டக் குறியோடு போட்டுவிடுங்கள். எழுதியும் மாற்றிச் செருகுபவர் வருவார், உள்ளே ஒரு டயோடு பாதுகாப்புக்கு இருக்கட்டும். சிக்னல் வலப்பக்கம் உள்ளே, இடப்பக்கம் வெளியே என்பது பழைய வழக்கம். அதை மாற்றினால் அதையும் எழுதுங்கள். எல்.இ.டி.யின் ரெசிஸ்டரைக் கொஞ்சம் பெரிதாக, 4.7 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் போடுங்கள். இப்போதைய எல்.இ.டி.கள் இருட்டு மேடையில் கண்ணைக் குத்துகின்றன, பக்கத்திலிருக்கும் எழுத்து ஒன்றும் தெரிவதில்லை.

பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ முடிந்து எல்லாம் பூட்டிய பிறகு திடீரென்று இரைச்சல் கேட்டால் சுற்றைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தப் பூச்சு மின்சாரம் கடத்தாது. ஜாக்கின் உடல் பெட்டியைத் தொட்டால்தான் பெட்டி எர்த் ஆகி வெளி இரைச்சலைத் தடுக்கும். ஜாக் உட்காரும் துளையைச் சுற்றி உள்பக்கம் பூச்சைச் சுரண்டி வெறும் உலோகத்தை வெளிக்கொண்டு வாருங்கள், போதும்.

பவுடர் கோட்டிங் பீன்யா வேலை. மின்னூட்டிய பொடியைத் தெளித்து 180, 200 டிகிரியில் அடுப்பில் உருக்குவார்கள். ஜன்னல் கிரில்லுக்கும் பீரோவுக்கும் ஓடும் அடுப்பில் உங்கள் ஒற்றைப் பெட்டிக்காக நிறம் மாற்ற மாட்டார்கள். அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறதோ அதிலேயே ஒரு கொக்கியில் மாட்டிவிடச் சொன்னால் பல பட்டறைகளில் மறுப்பதில்லை. வார்ப்புப் பெட்டியின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று சூட்டில் வெளியேறிக் கொப்புளம் போடும். பொடி தெளிக்குமுன் வெறும் பெட்டியை ஒருமுறை அடுப்பில் சுடவைத்துவிட்டால் அது அடங்கும். பூச்சு ஒவ்வொரு பக்கமும் 60 முதல் 80 மைக்ரான் ஏறுவதால் துளைகளைக் கால் மி.மீ. பெரிதாகவே போட்டு வைக்கலாம்.

உங்கள் பெடலைக் கேட்டவர்கள் நாலு பேர் ஆகி, பத்து ஆகி, இருபது ஆனால் இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழாகிவிடும். அப்போது செல்போன் கவர் கடை கட்டுப்படியாகாது. சிக்பேட்டை, சுல்தான்பேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களிடம் இருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் மலிவு. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று ஒருமுறை செலவு, பிறகு எத்தனை அடித்தாலும் மைச் செலவுதான். உலோகத்துக்கு எபாக்சி மை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், காகித மை ஒட்டாது. துளையிடுவதையும் அப்போது பீன்யா சி.என்.சி. பட்டறையிடம் விட்டுவிடலாம். மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போல விற்பனைக்கென்றே பெடல் செய்யும் நிறுவனங்கள் நம் நாட்டிலும் உருவாகிவிட்டன. இருபது பெட்டியோடு போய் நின்றால் பீன்யாக்காரரும் நாற்காலி போடுவார். அப்போதும் முதல் பெட்டியை மட்டும் தனியாகக் கோப்பைக் கடையில் லேசரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். இருபதிலும் ‘தொனி’யின் கொம்பு இடம் மாறி அச்சாகிவிட்டால் அத்தனை பெட்டியிலிருந்தும் எபாக்சி மையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அது லேசில் வராது.